அப்பாவிடம் வாங்கிய ஏச்சு

சாத்தான்குளம் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில், கல்யாணக் கச்சேரிக்குப் போகிற இருவர். ஐம்பது வயதிருக்கும். முதன்முதலில் வாங்கிய கிட்டாரைப் பற்றிப் பேச்சு வந்தது. கிட்டார் பையை மடியில் கிடத்தியிருந்தவர் சொன்னார்:

“எங்க அப்பாகிட்ட ஒரு ஏச்சு வாங்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசைவே.”

ஜன்னலோரம் இருந்தவர் திரும்பினார். “இது என்ன ஆசைவே?”

“அவருக்கு ரெண்டு காதும் கேக்காதுல்லா. சாதா கிட்டார நாளெல்லாம் போட்டு அடிப்பேன். பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிப்பாரு. உம்ம வீட்டுலலாம் ஏசுவாவ.”

“எங்க அப்பா செருப்பத் தூக்கி எறிஞ்சாரு.”

“எனக்கு அதுவே பொறாமையா இருக்கும். பொறவு ஒரு பழைய பேஸ் கிட்டாரும் பெரிய ஸ்பீக்கரும் வாங்கிட்டு வந்தேன். அப்பா கட்டில்ல படுத்திருந்தாரு. தடிச்ச கம்பிய ஒரு தட்டு தட்டுனேன். எந்திரிச்சு உக்காந்துட்டாரு.”

“காது கேட்டுட்டோ?”

“எங்க கேக்க? கட்டிலு அதிர்ந்திருக்கு. பையப் பைய எறங்கி வந்து ஸ்பீக்கர் மேல கைய வச்சாரு. நான் வாசிச்சேன். பாட்டு முடியுத வரைக்கும் கைய எடுக்கல.”

“என்ன சொன்னாரு?”

“‘சத்தத்தக் குறைலே, பக்கத்து வீட்டுல மனுசன் இருக்காண்டாமா’ன்னாரு.”



“குறைச்சீரா?”

“எப்படிவே குறைப்பேன்? கூட்டுனேன்.”