ஸ்டார்டரில் செருகிய குச்சி

— எடுத்தியா லோகு?

— இன்னாத்த?

— இன்னாத்தன்னு கேக்கற பாரு. மேல கொட்டாயில ஸ்டார்டர் பொத்தான்ல சொருவி வெச்சிருக்கியே வேப்பங்குச்சி, அத்த. நான் கெணத்துக்குள்ள பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவுல வெரல வெச்சிக்கினு நிக்கறேன்டா.

— கரண்டே இல்ல. எதுக்குண்ணா இப்பிடி நடுங்கற?

— எப்போ வரும்னு உங்கிட்ட சொல்லிட்டா வருது? குச்சி இருந்தா, வந்த ஒடனே மோட்டாரு தானா சுத்தும். நம்ம ஊரு துலுக்காணம் கைய பாத்த இல்ல? கெணத்துல எறங்கும்போது பத்து வெரலு. ஏறி வரும்போது ஆறு.

— ஊரே குச்சி சொருவி வெச்சிட்டுதான் தூங்குது. கரண்டு எப்போ வரும்னு எவன் கண்ணு முழிச்சிக்கினு குந்தியிருப்பான்?

— ஊரு தூங்கட்டும். நான் கீழ இருக்கறப்போ வேணாம். போன வாரம் இதே எடத்துல நான் நிக்கறப்போ மோட்டாரு ஓடிச்சி. வேட்டி முனையோட போச்சி.

— மறந்துட்டேன்னு அன்னிக்கே சொன்னேன். இன்னும் எத்தினி நாளைக்கு அதையே சொல்லிக் காட்டுவ?

— நீ மறந்தன்னு நானும் ஒத்துக்கினேன் இல்ல? இப்போ எடு.

— எடுக்கறேன். மொதல்ல ஒரு பேச்ச முடிச்சிக்கலாம். இன்னிக்கு தண்ணி எனுக்கு.

— இன்னிக்கு என் முற லோகு.

— நேத்து என் முற. கரண்டு எம்மா நேரம் இருந்துச்சி? வாய்க்கா நனையறதுக்குள்ள போயிடுச்சி. அது ஒரு முறையா?

— ஒரு நாளு உனுக்கு, ஒரு நாளு எனுக்கு. நைனா இருக்கும்போதே பேசினது.

— நைனா பேசினப்போ ஏத்தம் எறச்சோம். நம்ம காலுதான் கரண்டு, எப்போ வேணாலும் வந்துச்சி. இப்போ அப்பிடியா? முறன்னா நாளுக்கு இல்லண்ணா. வர்ற கரண்டுக்கு.

— என் முறையில கரண்டு போன அன்னிக்கு இந்த நாயத்த பேசினியா? வரப்புல நின்னு பீடி புடிச்சிக்கினு சிரிச்ச.

— அன்னிக்கு என் பயிரு வாடல.

— அப்பிடி சொல்லு.

— இன்னா பண்ண சொல்ற? கும்மிடிப்பூண்டி பக்கம் ஆலையில கம்பி உருட்டிக்கினு இருந்தவன் நானு. டேமுல தண்ணி இல்ல, நெலக்கரி வண்டி வரல, கரண்டு கட்டுன்னு சொல்லி ஆலை கேட்ட மூடிட்டான். இந்த பாதி கயினிதான் இப்போ எனுக்கு சோறு.

— எனுக்கு மட்டும் மெட்ராசுல மாடி ஊடா இருக்குது? சம்பா பால் கட்டிக்கினு நிக்குது. இந்த பனியில இன்னும் ஒரு தண்ணி காட்டலன்னா அத்தினியும் பதரு. எம் புள்ளைங்க வருசம் பூரா பதர துன்னுமா?

— மந்திரி ரேடியோவுல பேசறாரு, கரண்ட சிக்கனமா செலவு பண்ணுங்கன்னு. வராத கரண்ட எப்பிடிண்ணா சிக்கனம் பண்றது?

— மந்திரிகிட்ட அப்பால கேளு. குச்சிய எடு.

— தண்ணி?

— ஆலையில இருந்த வரைக்கும் இந்த கயினி பக்கம் தல வெச்சி படுத்திருப்பியா நீ? கெணத்த ஆழம் பண்ணது நான். கம்பம் நடச் சொல்லி ஆபீசு ஆபீசா அலைஞ்சது நான்.

— அதாண்ணா. எல்லாம் நீதான். நான் நடுவுல வந்த சோமாரி.

— அப்பிடி நான் சொன்னனா?

— நீ சொல்லல. அண்ணி சொன்னாங்க. மடை தொறக்கப் போன என் பொண்டாட்டிகிட்ட, வந்துட்டாங்க பங்கு கேக்கன்னு.

— பச்சையம்மா வாய் அப்பிடிதான். அதுக்கு எங்கிட்ட பேஜாரு பண்ணாத. பொழுது சாயுது, கரண்டு வர்ற நேரம்.

— அதுக்குதான் கேக்கறேன். தண்ணி யாருக்கு?

— நாளைக்கும் நாளான்னிக்கும் நீயே பாச்சிக்கோ. நான் கேக்கவே மாட்டேன். இன்னிக்கு மட்டும் முடியாது.

— நாளைக்கு கரண்டு வரும்னு யாரு பார்த்தா?

— தர மாட்டேன் லோகு. நீ எத்தினி தபா கேட்டாலும் இதான்.

— இரு, கொட்டாயி வரைக்கும் போயிட்டு வரேன்.

— லோகு?

— வந்துட்டேண்ணா.

— இன்னா சொல்ற, எடுப்பியா மாட்டியா?

— சரி போ. நீயே பாச்சிக்கோ.

— இன்னாடா திடீர்னு?

— நீ பெரியவன். உன் நெல்லு பால் கட்டிடுச்சி. நான் நட்டதே லேட்டு, என்னுது இன்னும் கொஞ்சம் தாங்கும். குச்சிய எடுத்துட்டேன். தெகிரியமா பெல்ட்ட மாட்டு.

— எடுத்தத கெணத்துல போடு. கண்ணால பாக்கறேன்.

— கூடப் பொறந்தவன் வார்த்த பத்தாதா? தூக்கி முள்ளுல வீசிட்டேன். போயி தேடிக்கினு வரவா?

— சரி வுடு.

— கைய நல்லா உள்ள வுட்டு இழுண்ணா. நுனி வெரலால இழுத்தா அது மாட்டாது.

— இழுத்துக்கினுதான் இருக்கேன்.

— ரெண்டு கையும் வை.

— வெச்சிட்டேன்.

— அப்பிடியே புடி. வுட்றாத.

— நீ எதுக்கு கொட்டாயி பக்கமே பாத்துக்கினு இருக்க?

— சும்மாதான். ண்ணா, பக்கத்துல மணியம்மா கயினியில சத்தம் கேக்குதா?

— கேக்குது. அவங்க மோட்டாரு.

— தண்ணி கொட்டுதுண்ணா. கரண்டு வந்துடுச்சி.

— வந்துடுச்சி.

— நம்ம மோட்டாரு ஏன் ஓடல?

— குச்சியதான் எடுத்துட்டியே லோகு. அப்பால எப்பிடி ஓடும்?

— இரு, போயி ஸ்டார்டர பாக்கறேன்.

— பீஸ் கட்ட மூணும் என் மடியில இருக்குது. எறங்கறதுக்கு முன்னாடியே புடுங்கிக்கினேன், அது இல்லாம மோட்டாருக்கு கரண்டு வராது. இப்பவாவது அந்தக் குச்சிய எடுத்து கெணத்துல போடு. அப்பால ஏணிய வுட்டு தள்ளி நில்லு, நான் மேல வரணும்.