காயாத கொட்டை எண்ணெ

ஓடுறேன். முந்திரிக்காடு. குனிஞ்சாத்தான் போவ முடியும், கெளையெல்லாம் தரையில கெடக்குமில்ல. பின்னாடி ஒரு சத்தம். காஞ்ச மட்டைய முறிச்ச மாதிரி. ஒடனே இன்னொண்ணு. அந்தோணி கத்துறான்.

"அண்ணி! நிக்காதீங்க! ஓடுங்க!"

அந்தோணி எங் கொழுந்தன். என்னைய விட மூத்தவன், ஆனாலும் அண்ணின்னுதான் கூப்புடுவான். பொல்லாத கேலிக்காரன். இருங்க, மொதல்லேருந்து சொல்றேன். கேக்க ஆளு வந்தாச்சுன்னா எனக்கு வாயி நிக்காது.

நாப்பத்திமூணாம் வருசம். சித்திரை. கொட்டை பொறுக்குற காலம். பர்மாவுல சண்டைன்னாங்க. எங்க ஆண்டிமடத்துல வெயிலு மட்டுந்தான். எங்க வூட்டுக்காரரு தச்சு வேலை. ஏரு, வண்டி, கதவு. ஒரு நாளு லாரி வருது. அரியலூர் ரயிலு டேசன்கிட்ட எறங்கியிருந்த பட்டாளம். அவில்தாரு வடக்கத்தியாளு, தமிழக் கடிச்சுக் கடிச்சுப் பேசுறாரு. துப்பாக்கியோட மரக்கட்டைய மட்டும் கழட்டிக் கொண்டாந்து குமிச்சாரு. நனஞ்சு நனஞ்சு வெளுத்துக் கெடந்துச்சு.

"எண்ணெ போடு. கொட்டை எண்ணெ."

"கொட்டை எண்ணெயா சார்?"ன்னான் அந்தோணி.

"ஆமா, கொட்டை! கொட்டை!"

எங்க ஊர்ல கொட்டைன்னா முந்திரிக்கொட்டைதான். வேற என்ன கொட்டை இருக்கு? வெதைன்னு சொல்லத் தெரியாம கொட்டைன்னுருக்காரு, அவரு கேட்டது ஆளிவிதை எண்ணெயாம். அரியலூரு எண்ணெக்கடைக்காரரு சொல்லித்தான் தெரியும். அதுவும் எல்லாம் முடிஞ்ச பெறவு.

முந்திரிக்கொட்டையோட மேலோட்ட வறுத்தா கருப்பா எண்ணெ வடியும். மரத்துல பூசுனா கரையான் கிட்ட வராது. ஈரமா தோல்ல பட்டா வெந்துரும். காஞ்சுட்டா பச்சப்புள்ளையப் படுக்க வைக்கலாம். எங்க வூட்டுக்காரருக்கு அது தெரியாதா? உப்புத்தாளு போட்டு இழைச்சாரு. சாக்குத்துணியில தொட்டு, மரத்தோட நாரு போற பக்கமே தேய்ச்சாரு. மிச்சத்த வழிச்சுத் தொடைச்சாரு. வேலியில வரிசையா தொங்க வுட்டாரு. நாவப்பழம் மாதிரி மினுக்குது.

"இதுல மூஞ்சி பாத்துப் பொட்டு வையுங்க அண்ணி"ங்குறான் அந்தோணி. வேதக்கார, அதான் கிறிஸ்தவங்க வூட்டுப் பொம்பள நான், எனக்கேதுடா பொட்டு? அன்னைக்கி சிரிச்ச சிரிப்பு இருக்கே.

மூணாம் நாளே லாரி வந்துருச்சு.

"காயல சார். இன்னும் ஒரு வாரம் வெயிலு வேணும். கன்னத்துல வச்சா வெந்துரும்"னு இவரு கும்புட்டுச் சொல்றாரு.

"இன்னைக்கி ரயிலு"ன்னாரு அவில்தாரு. அள்ளிட்டாரு. கீறல் வுட்ட கட்டை ஒண்ண மட்டும் வேணாம்னு வேலிக்கு அந்தாண்ட வீசிட்டுப் போனாரு.

அந்த ரயிலு அன்னைக்கி வரவேயில்ல, பாத்துக்கங்க. மறுநா காலையில சுட்டுப் பழகியிருக்காங்க. வேர்வை. கட்டைய கன்னத்துல அணைச்சவனுக்கெல்லாம் கொப்புளம். வெசம் வச்சுட்டான் தச்சன்னு ஆயிப்போச்சு. சப்பான்காரன் ஆளாம். சப்பான் எந்தத் திக்குன்னே எங்களுக்குத் தெரியாது.

பூச இல்லாத நேரம். கோயில் மணி அடிக்குது. விட்டு விட்டு இல்ல, ஒரே அடியா. அடுத்து லாரி உறுமுது. "பட்டாளம்! பட்டாளம்!" தெருவே ஓடுது. இவரு ஓடல. "எடுத்துச் சொன்னா புரிஞ்சுக்குவாங்க. நீ போ"ன்னாரு. அந்தோணி என் கையப் புடிச்சு இழுத்துட்டு ஓடியாந்தான். காட்டுக்குள்ள பாதியில கைய வுட்டான். நான் திரும்பிப் பாக்கல. ஓடுங்கன்னான்ல, ஓடுனேன்.

சாயங்காலம் வந்து பாத்தேன். அந்தோணி முதுகுல குண்டு பாஞ்சு முந்திரி மரத்தடியில குப்புறக் கெடக்கான். வூடு எரிஞ்சு பொகையுது. இவர லாரியில கட்டி ஏத்துனாங்களாம். விடிஞ்சதும் அரியலூருக்கு நடந்தேன். டேசன் காலி. கூடாரம் அடிச்ச முளைக்குழிதான் இருக்கு. அப்பத்தான் அந்த ரயிலு வந்து போயிருக்கு. எந்த ஊருக்குன்னு ஒருத்தரும் சொல்லல. இன்னைக்கி வரைக்கும் சொல்லல.

வேலிக்கு அந்தாண்ட அந்தக் கீறல் கட்டை கெடந்துச்சு. இவரு சொன்ன மாதிரியே ஒரு வாரம் வெயில்ல காஞ்சுது. எடுத்துக் கன்னத்துல வச்சு அழுத்துனேன். வேர்க்க வேர்க்க வச்சிருந்தேன். ஒண்ணும் பண்ணல.

போனது: எம் புருசன். எங் கொழுந்தன். வூடு. உளி, இழைப்புளி எல்லாம்.

மிஞ்சுனது அந்தக் கட்டை. அது காஞ்சிருச்சு.