இரண்டு விரல் இடைவெளி

தாழ்ந்த கார் பார்க்க அழகாகத்தான் இருக்கும், மேடம். அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

குடும்ப நீதிமன்றத்தில் ஆலோசகராக இருக்கும் உங்களை நான் சந்தித்தது ஒரே ஒரு முறை. என் மகளும் மாப்பிள்ளையும் ஒருவர்மேல் ஒருவர் சொன்ன குறைகளையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டீர்கள். "ரெண்டு பேருமே நல்லவிதமா சொன்ன ஒரே ஆள் நீங்கதான் சார். உங்களுக்குத் தெரிஞ்சதை எழுதிக் கொடுங்க. உங்க அனுமதி இல்லாம வேற யாருக்கும் காட்ட மாட்டேன்" என்றீர்கள். கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதையில்லை. அதனால் எழுதுகிறேன்.

முப்பத்தோரு வருடமாக சஸ்பென்ஷன் வேலை மட்டும் பார்க்கிறேன். என்ஜினைத் தொடமாட்டேன், பெயிண்ட் பக்கம் போகமாட்டேன். காருக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருப்பதுதான் என் பிழைப்பு. கீழே பட்டறை, மேலே வீடு. மனைவி போய்ப் பத்து வருடம் ஆகிறது. மகள் இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தாள். விபத்தில் கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் பொருத்துவது அவள் வேலை. ஆறு மணிக்கு வேலை முடிந்ததும் நேராக என்னிடம் வந்து ஒரு டீ குடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் நான் மற்ற இருபத்துமூன்றரை மணி நேரத்தையும் ஓட்டிக்கொண்டிருந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மாப்பிள்ளை தங்கமான மனிதர். கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்குச் சத்தம் அமைக்கிறவர். வீட்டில் உட்கார்ந்தபடியே வேலை, எந்த ஊரில் இருந்தாலும் ஓடும். அவருக்கு இருந்த ஒரே பலவீனம் ஒரு மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு, இரண்டே சீட். தெருவில் நிறுத்தமாட்டார், கூரைக்குக் கீழேதான் நிறுத்துவார். மழை வந்தால் மனைவிக்கு முன்னால் காருக்குக் குடை பிடிப்பார் என்று மகள் சொல்வாள். காருக்கு அவள் வைத்த பெயர் சக்களத்தி. ஆரம்பத்தில் சிரித்துக்கொண்டுதான் அப்படிச் சொன்னாள்.

ஒருநாள் மாப்பிள்ளை பட்டறைக்கு வந்தார். டயருக்கும் அதன் மேலிருக்கும் தகட்டு வளைவுக்கும் நடுவே கையை விட்டுக் காட்டினார்.

"மாமா, இங்க நாலு விரல் போகுது. ரெண்டு விரலாக்கணும். ஆனா ஒரு தடவை போட்டா காலத்துக்கும் நிக்கணும்."

மாப்பிள்ளை கேட்டு இல்லை என்று சொல்லும் பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. மூன்று வாரம் தேடினேன். இருக்கிற ஸ்பிரிங்கை வெட்டிப் போடுகிறவர்கள் உண்டு. அவர்களை உள்ளே தள்ள வேண்டும். குட்டை ஸ்பிரிங்கை மட்டும் வாங்கிப் போட்டால் பழைய ஷாக் அப்சார்பர் ஒரு வருடத்தில் நாக்குத் தள்ளிவிடும். காற்றில் இயங்கும் சஸ்பென்ஷன் ஒன்று இருக்கிறது. டிரைவர் பட்டனைத் தட்டினால் கார் தானாக எழுந்துகொள்ளும், மேடு தாண்டியதும் இறங்கிக்கொள்ளும். மாப்பிள்ளைக்கு அதன்மேல் ஆசை. "அது கசியும் மாப்பிள்ளை, நம்ப முடியாது" என்று சொல்லிவிட்டேன்.

கசிவது உண்மைதான். ஆனால் அந்தப் பட்டன் மாப்பிள்ளையின் கையில் இருக்குமே என்பதுதான் என் கவலை.

கடைசியில் காயில்ஓவர் என்னும் செட்டைத் தேர்ந்தெடுத்தேன். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே துண்டாக வரும். வெளி உடம்பு முழுக்கத் திருகு மரை. மரையில் ஒரு வளையம். வளையத்தைக் கீழே திருகினால் கார் இறங்கும், மேலே திருகினால் ஏறும். ஒரு முழுச் சுற்றுக்கு ஒன்றரை மில்லிமீட்டர். மலிவானதை வாங்கினால் ஒரே மழைக்காலத்தில் மரை துருப்பிடித்து வளையம் இறுகிவிடும். பிறகு சாமியே வந்தாலும் திருப்ப முடியாது. நான் வாங்கியது துருப்பிடிக்காத எஃகு. இருபது வருடம் கழித்தும் வெண்ணெய் மாதிரி திரும்பும். பெரும்பாலானவர்கள் உயரத்தை ஒருமுறை வைத்துவிட்டு அதை மறந்துவிடுவார்கள், அவர்களுக்கு இது அநாவசியம். எனக்கு அவசியமாக இருந்தது.

ஏனென்றால் அதே வாரத்தில்தான் மகளுக்கு அந்தக் கடிதம் வந்தது. ஆறு மணி நேரப் பயண தூரத்தில் ஒரு பெரிய மருத்துவமனை. செயற்கைக் கால் பிரிவுக்கே தலைமை. டீயை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். "அப்பா, வீடு மட்டும் கிடைச்சிட்டா கிளம்பிடலாம்பா" என்றாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆறு மணிக்கு இனி யாருக்கு டீ போடுவது என்பதுதான் தெரியவில்லை.

யோசித்துப் பார்த்தேன். கார் போக முடியாத வீட்டுக்கு மாப்பிள்ளை போகமாட்டார். மாப்பிள்ளை போகாத ஊருக்கு மகள் போகமாட்டாள். கணக்கு அவ்வளவுதான்.

வேலையில் நான் எந்தக் குறையும் வைக்கவில்லை, மேடம். சில பட்டறைகளில் காரைத் தொங்கவிட்டபடியே எல்லா போல்ட்டையும் முறுக்கிவிடுவார்கள். கீழே இறக்கியதும் உள்ளே இருக்கும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழியும். நான் காரைத் தரையில் இறக்கி, அதன் முழு பாரத்தையும் சக்கரத்தில் ஊன்றவிட்டுத்தான் கடைசி முறுக்கைக் கொடுத்தேன். மாப்பிள்ளை விரலை விட்டுப் பார்த்தார். சரியாக இரண்டு. என் காலில் விழாத குறை.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடத்தில் அந்த ஊரில் ஒன்பது வீடு பார்த்தார்கள்.

மகள் ஒவ்வொரு வீட்டின் வாசல் போட்டோவையும் எனக்கு அனுப்புவாள். "அப்பா, நம்ம கார் ஏறுமா பாருங்க." வாசலில் ஒரு செங்கல் தெரிந்தால் போதும், சரிவின் உயரத்தைக் கணக்குப் போட்டுவிடுவேன். "ஏறும்போலத்தான் தெரியுதும்மா" என்பேன். அப்போதைக்கு அது உண்மைதான். வெள்ளிக்கிழமை மாலை மாப்பிள்ளை காரைக் கொண்டுவருவார். நெடுந்தூரப் பயணத்துக்கு முன்னால் மாமனார் ஒருமுறை பார்க்காமல் விடமாட்டார் என்று அவருக்கு ஒரே பெருமை. அவர் மேலே உட்கார்ந்து டீ குடிக்கும் நேரத்தில் ஆறு சுற்றோ எட்டுச் சுற்றோ, வீட்டுக்குத் தக்கபடி இறக்குவேன். சக்கரக் கோணத்தையும் ஒவ்வொரு தடவையும் திருத்திவிடுவேன். டயர் ஒருபக்கமாகத் தேய்ந்தால் யார் பெயர் கெடும்? திரும்பி வந்ததும் அடிபட்ட இடத்தைப் பார்க்கிற சாக்கில் பழைய உயரத்துக்கு ஏற்றிவிடுவேன்.

முதல் வீட்டில் முன்பக்க பம்பரின் அடி உதடு தரையில் உரசியது. இரண்டாவதில் அடிவயிறு மாட்டிக்கொண்டது. நான்காவது வீட்டுக்காரர் வாசலில் நின்று சிரித்தாராம். மாப்பிள்ளை அந்தத் தெருவையே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மாப்பிள்ளைக்கு ஒருமுறை சந்தேகம் வந்தது. விரலை விட்டுப் பார்த்தவர், "மாமா, ஒன்றரைதான் போகுது" என்றார்.

"புது ஸ்பிரிங் கொஞ்சம் உட்காரத்தான் செய்யும் மாப்பிள்ளை. இல்லேன்னா உங்க விரல் தடிச்சிருக்கும். கல்யாணச் சதை."

சிரித்துவிட்டுப் போய்விட்டார். மகள் அவ்வளவு லேசானவள் இல்லை. மனிதக் கால்களை மில்லிமீட்டர் கணக்கில் நிறுத்துகிறவள்.

"இங்க எங்கேயும் இடிக்காத கார் அங்க போனா மட்டும் ஏம்பா இடிக்குது?"

"பெட்டி, ஃபுல் டேங்க், ரெண்டு பேர். கனம் ஏறுதுல்ல கண்ணு."

அடுத்த பயணத்துக்குப் பெட்டியே எடுக்காமல் போனார்கள். இரண்டு சுற்று கூடுதலாக இறக்க வேண்டியதாயிற்று.

காரை என்னிடம் விட்டுவிட்டுப் போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். அந்த யோசனை எனக்கு வரவே இல்லை என்றால் நம்பமாட்டீர்கள். வந்தது. யாரும் கேட்காத யோசனையை வலியப் போய்ச் சொல்வது என் சுபாவமில்லை.

மருத்துவமனை இரண்டு தடவை அவகாசம் கொடுத்தது. மகள் சக்களத்தி என்று சொல்லும்போது இப்போது சிரிப்பதில்லை. "நான் முக்கியமா, அது முக்கியமான்னு கேட்டேம்பா. எழுந்து காருக்கு உறை போடப் போயிட்டார்" என்று என்னிடம் வந்து அழுதாள். இரண்டாவது டீ போட்டுக் கொடுத்தேன். அரைமணி நேரம் ஒன்றரை மணியாயிற்று. மேடம், அவள் அழுவதைப் பார்க்க எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. ஆனால் என் பக்கத்தில் இருந்து அழுதாள்.

இனி நான் சொல்லப்போவதுதான் நீங்கள் கேட்க நினைத்தது. இரண்டாவது அவகாசமும் முடிய ஒரு வாரம் இருக்கும்போது மாப்பிள்ளை தனியாக வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"மாமா, காரை வித்துடலாம்னு இருக்கேன். அவ சந்தோஷத்தை விட இது பெருசில்ல. இன்னிக்கே அவகிட்டச் சொல்லிடறேன்."

அந்த நிமிடம் அவர்மேல் எனக்கு உண்மையிலேயே மரியாதை வந்தது. தோளைத் தட்டிக் கொடுத்தேன். "வித்துட்டுச் சொல்லுங்க மாப்பிள்ளை. வெறும் வாய்வார்த்தைன்னு நினைச்சுடப் போறா. ஆள் நான் பார்க்கறேன். அதுவரைக்கும் மூச்சு விடாதீங்க" என்றேன். அவர் என்னை நம்பிப் போனார். சாயங்காலம் மகள் வந்தாள். "அவர்கிட்டப் பேசிப் பார்த்தீங்களாப்பா? காரை விடறதா ஏதாவது சொன்னாரா?"

நான் பொய் சொல்லவில்லை, மேடம். வாயே திறக்கவில்லை. உதட்டை மட்டும் பிதுக்கினேன்.

அன்றைக்கே அவள் துணிமணியோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவளுடைய அறையை நான் தினமும் பெருக்கித்தான் வைத்திருந்தேன். மாப்பிள்ளை எத்தனையோ தடவை போன் செய்தார், அவள் எடுக்கவில்லை. என்னிடம் கேட்டார். "கொஞ்சம் ஆறட்டும் மாப்பிள்ளை" என்றேன். வக்கீல் வந்த பிறகு அவரும் வீம்புக்காக விற்காமலும், விற்க நினைத்ததை யாரிடமும் சொல்லாமலும் இருந்துவிட்டார்.

ஆகவே, அந்தக் குடும்பத்தைப் பிரித்தது மாப்பிள்ளையின் பிடிவாதமோ மகளின் கோபமோ இல்லை. நான்தான். வளையத்தைத் திருகியதும் நான்தான், உதட்டைப் பிதுக்கியதும் நான்தான். இது முழுவதும் என் சொந்தக் கையெழுத்து.

வெள்ளிக்கிழமைக்குள் இதைத் தரச் சொன்னீர்கள். புதன்கிழமையே எழுதி முடித்துவிட்டேன். ஆனால் எந்த வேலையையும் ஒருமுறை சரிபார்க்காமல் கையை விட்டு அனுப்புவது எனக்குப் பிடிக்காது. திங்கட்கிழமை விவாகரத்துக் கிடைத்துவிட்டது. இன்று செவ்வாய். கடைசியில் இந்த ஒரு பக்கத்தை மட்டும் சேர்த்து எழுதுகிறேன். யாருக்கும் காட்டமாட்டேன் என்ற உங்கள் வாக்கை நீங்கள் மீறமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இன்று காலையில் மகள் முகம் கழுவிக்கொண்டு வந்து நின்றாள். "கார் இல்ல, அவரும் இல்ல. இனிமே எனக்கென்னப்பா தடை? மருத்துவமனையில இன்னும் இடம் இருக்காம். சாயங்கால ரயிலுக்கு டிக்கெட் எடுத்துட்டேன்" என்றாள். நல்ல முடிவு என்று மனதாரச் சொன்னேன். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு நாளாக இடதுபக்க நெஞ்சில் ஏதோ பிடித்தமாதிரி இருக்கிறது, அது ஒன்றுமில்லை, நீ கிளம்பு என்றும் சொன்னேன்.

அடுத்த அறையில் அவள் துணிகளை மறுபடியும் அலமாரியில் அடுக்கிக்கொண்டிருக்கிறாள். நான் இருக்கச் சொல்லவே இல்லை, மேடம். அவளாகத்தான் இருக்கிறேன் என்றாள்.