ஷிரோகுமா அணியின் இறுதியாட்டம்

தேத்தண்ணியைக் குடியும் கம்சனா, ஆறப்போகுது. ஹம்பேர்க்கிலிருந்து வந்த களைப்பு முகத்தில் தெரிகிறது. உம்முடைய அப்பா கடைசியாக எடுத்த அழைப்புகள் ஏன் எனக்கு வந்தன என்று கேட்டீர். நியாயமான கேள்வி. ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

நான் வேலை செய்யும் பேர்லின் நொய்கெல்ன் சுஷிக் கடையில் ஜப்பானியர் ஒருவரும் இல்லை. முதலாளி வியட்நாம்காரர். மீன் வெட்டுவது நான், பருத்தித்துறை அலோசியஸ். கடைக்கு ஜப்பான் களை வரட்டும் என்று முதலாளி பழைய சாமான் சந்தையில் ஒரு கொடி வாங்கி மாட்டினார். அதில் ஒரு வெள்ளைக் கரடி, கையில் மட்டையோடு. சாப்பிட வந்த ஜேர்மன்காரர் எல்லாரும் அது என்னவென்று என்னைத்தான் கேட்டார்கள். சுஷி வெட்டுகிறவன் தெரியாது என்று சொல்ல ஏலுமா? தேடிப் படித்தேன். அந்தச் சாட்டில் அவர்களுடைய எழுத்தும் கொஞ்சம் பிடிபட்டது.

ஷிரோகுமா, அதாவது வெள்ளைக் கரடி, என்கிற ஐஸ் ஹொக்கி அணியின் கொடி அது. ஹொக்கைடோத் தீவில் ஒரு காகித ஆலை ஊர். ஆலைத் தொழிலாளர் உறைந்த குளத்தில் விளையாடத் தொடங்கினார்கள். பிறகு ஆலையே சம்பளம் கொடுத்து அவர்களை முழுநேர வீரர்கள் ஆக்கியது. அதற்குப் பிறகு முழுநேரமாகத் தோற்றார்கள். ஒரேயொரு முறை கிண்ணம் வென்றார்கள், அதுவும் எதிரணியின் கோல் காப்பாளர் முதல்நாள் கெட்டுப்போன சிப்பி தின்றதால். எங்கள் ஆட்களுக்கு இதைவிடப் பொருத்தமான அணி கிடைக்காது என்று கண்டேன். ரசிகர் மன்றம் தொடங்கினோம். நான் தலைவர்.

மன்றத்தில் ஒருவருக்கும் பனியில் சறுக்கத் தெரியாது. கோவிலுக்குப் போகிற வழியில் சறுக்கி விழுந்தவர்கள் உண்டு. ஜப்பானில் மாலை ஆட்டமென்றால் பேர்லினில் சனிக்கிழமை காலை. கடை திறக்கமுதல் இணையத்தில் எடுத்து ரீவியில் பார்ப்போம். கோப்பை கழுவுகிற கிருபன் முருகனுக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வருவார். நான் வேதக்காரன், மாதா கோவிலுக்குப் போகிறவன், எனக்கு ஆட்சேபனை இல்லை. எப்படியும் தோற்கத்தானே போகிறோம்.

உம்முடைய அம்மா மோசம் போய்ச் செத்தவீடும் முடிந்த பிறகுதான் அப்பா ஸ்ரீதரன் எங்களோடு சேர்ந்தார். முதல் சில கிழமை மூலையில் இருந்து ரீவியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். பிறகு ஒருநாள் எங்கள் அணி ஆள் ஒருவன் வெறும் கோலுக்குள் அடிக்க மாட்டாமல் வெளியே அடித்தான். ஸ்ரீதரன் வாய்விட்டுச் சிரித்தார். அதன் பிறகு ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை.

அடுத்த வருசம் ஆலையை மூடினார்கள். அணியைக் கலைத்தார்கள். அணியின் இணையத்தளத்தில் சின்ன அறிவிப்பு ஒன்று போட்டார்கள், ஜப்பானிய மொழியில். மன்றத்தில் அதை வாசிக்கக்கூடியவன் நான் ஒருவன்தான்.

நான் சொல்லவில்லை. உம்முடைய அப்பாவை நினைத்துத்தான். இந்த நாட்டுக்கு வந்த இத்தனை காலத்தில் என்னை வேறு எவரும் தலைவர் என்று கூப்பிட்டதில்லை என்பது உண்மை, ஆனால் அது வேறு விசயம்.

ஐஸ் ஹொக்கியில் ஒரு வசதி, தலைக்கவசத்துக்குள் முகம் தெரியாது. நாங்கள் ரசிகராக முந்தி நடந்த ஆட்டங்களின் பதிவுகளைத் தேடி எடுத்தேன். அவற்றைப் புது ஆட்டமாகப் போட்டேன். ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அணி முன்னேறுகிறது என்றுகூடச் சொன்னார்கள். அப்படி ஓட்டிய மூன்று சீசனும் மன்றம் இருந்த சந்தோசம் அதற்கு முந்தி இருந்ததில்லை.

அப்பாவுக்குத்தான் கண் கூர்மை.

"அண்ணை, அந்த விளம்பரப் பலகையிலை போன வருசமே மூடின கொம்பனியின்ரை பேர் கிடக்கு," என்றார் ஒருநாள். எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னார். ஜப்பானியர் பழசை எறியமாட்டார்கள் என்று சமாளித்தேன். இன்னொரு நாள், ஒரு கோலை அது விழமுதலே கையால் காட்டினார். கிருபன் அவரைத் தீர்க்கதரிசி என்றார். நான் சிரிக்கவில்லை.

பிறகு அணி இறுதியாட்டத்துக்கு வந்தது. அதாவது, நான் வரவைத்தேன். சிப்பி தின்ற அந்த ஆட்டம் என்னிடம் இருந்தது, மன்றத்தில் எவரும் அதைப் பார்த்ததில்லை. மாசியில் ஒரு சனிக்கிழமை என்று அறிவித்தேன். அடுத்த நாளே அப்பா நேரில் பார்க்க ஜப்பானுக்கு ரிக்கெற் போட்டுவிட்டார். உம்மிடம்கூடச் சொல்லவில்லையாம், படம் எடுத்து அனுப்பி அதிசயப்படுத்த இருந்தவர்.

தடுத்திருக்கலாமே என்று நீர் கேட்கப் பார்க்கிறீர். தடுக்கத்தான் விமான நிலையத்துக்கே போனேன். அங்கே அவர் புது ஜக்கெற்றோடு நின்றார், முதுகில் வெள்ளைக் கரடி, கிருபன் ஒட்டிக்கொடுத்தது. அந்த முகத்துக்கு முன்னால் எப்படிச் சொல்வது? கட்டிப்பிடித்து வழியனுப்பினேன். வீட்டுக்கு வரும்போதுதான் யோசிக்கத் தொடங்கினேன். அவர் போவதைப் பற்றியல்ல, திரும்பி வருவதைப் பற்றி.

சனி காலை எல்லாரும் கடையில் கூடியிருந்தார்கள். நான் பதிவைப் போட்டுவிட்டுக் குசினிக்குள் சால்மன் வெட்டிக்கொண்டு நின்றபோது அவர் தொலைபேசி எடுத்தார்.

"அண்ணை, இங்கை ஒரு குருவியும் இல்லை. ஸ்ரேடியத்துக் கதவு பூட்டிக் கிடக்கு. லைற்றும் இல்லை."

"பனியாலை பிந்துது ஸ்ரீதரன். வாசலை விட்டு அசையாதேயும்."

"ஓம் அண்ணை," என்றார். அவ்வளவு நம்பிக்கை. அங்கே குளிர் எவ்வளவு என்று நான் பார்த்துத்தான் வைத்திருந்தேன். அந்த ஊரில் விடுதி இல்லை, பக்கத்து ஊருக்கு பஸ்ஸில்தான் போகவேண்டும் என்பதும் தெரியும். அவருடைய இருதயத்துக்கு மருந்து எடுத்துக்கொடுப்பதும் நான்தானே.

உள்ளே ரீவியில் கமராக்காரன் ரசிகர் கூட்டத்தைப் பெரிதாகக் காட்டினான். மொட்டையாக ஒரு தலை தெரிந்தது. "அந்தா எங்கடை ஸ்ரீதரன் அண்ணை," என்று கிருபன் எழும்பிவிட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். உண்மையைச் சொன்னால், எனக்கும் அவர்தானோ என்று ஒரு கணம் பட்டது.

இரண்டாம் முறை எடுத்தபோது குரல் நடுங்கியது.

"அண்ணை, கை விறைச்சிட்டுது. கடைசி பஸ் வருது. ஏறட்டோ?"

பிள்ளை, நான் யோசிக்காமல் பேசினேன் என்று நினைக்கவேண்டாம். யோசித்தேன். அவர் ஏறினால் விடுதிக்குப் போவார். விடுதியில் யாரிடமாவது கேட்பார். பிறகு வந்து கேட்பார், எல்லார் முன்னாலும், அந்தக் கூர்மையான கண்ணோடு.

"பஸ்ஸை விடும் ஸ்ரீதரன்," என்றேன். "இப்ப கதவு திறக்கப் போறாங்கள்."

பஸ் போகிற சத்தம் எனக்கும் கேட்டது. அதற்குப் பிறகு அவர் எடுத்ததெல்லாம் கடை திறந்த பிறகு. வேலை நேரத்தில் நான் தொலைபேசி பாவிப்பதில்லை. அங்கே மறுநாள் விடிய, பனி தள்ளுகிற வாகனக்காரர் வாசல் படியில் அவர் விறைத்துச் செத்துக் கிடக்கக் கண்டாராம்.

ஆனால் ஒன்று நீர் விளங்கவேண்டும். அவரை மறந்துவிட்டு இருந்தவன் இல்லை நான். அந்தச் சனிக்கிழமையே மத்தியானக் கூட்டம் குறைந்ததும் மற்ற எல்லாருக்கும் முந்தி அவருக்குத்தான் எடுத்தேன், மூன்றுக்கு இரண்டு, வென்றுவிட்டோம் என்று சொல்ல. அவர் எடுக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கலாகத்தான் இருந்தது.