ஆரஞ்சு நிறத்துக்கு எதிராக

மங்கலான கறுப்பு பெயின்ட் காய்வதற்கு ஒரு இரவு முழுக்க வேண்டும். அரை மணி நேரம் போதும் என்று டப்பாவில் போட்டிருப்பதை நம்பித் தொட்டால் விரல் ரேகை பதிந்துவிடும். துப்பாக்கியின் அடியில் என் கட்டைவிரல் ரேகையைக் கண்டுபிடித்ததாகச் சொன்னீர்களே, அது அப்படிப் பதிந்ததுதான். இத்தனை வருடம் பெயின்ட் கடை வைத்திருப்பவன் செய்யக்கூடிய தவறா அது? எனக்கு வெட்கமாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர். மற்றபடி வெட்கப்பட எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை. இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள், முதலிலிருந்தே சொல்கிறேன்.

என் பெயர் லெஸ்லி ஹேக். ஹாலோபி ஊர்ப் பொம்மைத் துப்பாக்கிச் சங்கத்தின் செயலாளர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வெளியே பாழடைந்து கிடக்கும் கம்பளி ஆலையில் கூடுவோம். இரண்டு அணியாகப் பிரிந்து ஒருவரையொருவர் வேட்டையாடுவோம். துப்பாக்கிகள் பார்வைக்கு அச்சு அசல் நிஜம். வெளியே வருவது மிளகளவு பிளாஸ்டிக் குண்டு. குழாய் ரிப்பேர்க்காரர், பல் டாக்டர், ஓய்வுபெற்ற தபால்காரர் என்று எல்லாம் தொப்பை வைத்த ஆட்கள். இடுப்பு வலி இல்லாதவர் எங்களில் அநேகமாக யாரும் கிடையாது.

எங்கள் ஆட்டத்தில் நடுவர் இல்லை. குண்டு பட்டால் சட்டையில் அடையாளமும் இருக்காது. ஆகவே அடிபட்டவன் தானே ஒத்துக்கொள்ள வேண்டும். துப்பாக்கி பிடித்த கையைத் தலைக்கு மேல் விசுக்கென்று தூக்கி, "பட்டது!" என்று கத்த வேண்டும். பிறகு கூடாரத்துக்கு நடந்து போய், உறுப்பினர் ஒருவரின் மனைவி பெரில் ஊற்றித் தரும் டீயைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். விசில் அடித்ததும் மறுபடி ஆட்டத்தில் சேர்ந்துகொள்ளலாம். பட்டும் படாத மாதிரி நடிப்பவனுக்கு எங்களிடம் இடமில்லை. என் சொந்த மைத்துனனையே அப்படி வெளியேற்றியிருக்கிறேன். கிறிஸ்துமஸ் விருந்துக்கு இன்றுவரை என்னைக் கூப்பிடுவதில்லை.

புதிதாகச் சேருபவர்களுக்கு இந்த ஒன்றை நான் விடாமல் பழக்குவேன். பின்னாலிருந்து திடீரென்று கத்துவேன், கை தூக்க வேண்டும். சாப்பிடும்போது கத்துவேன், தூக்க வேண்டும். மூளைக்கு வேலையே இருக்கக் கூடாது, சத்தம் கேட்டால் கை தானாக எழ வேண்டும். அதில் டட்லி புரூமை மிஞ்ச ஆள் கிடையாது. அந்த ஓய்வுபெற்ற தபால்காரர்தான் டட்லி. பெரிலின் கணவர்.

இந்த நிலையில்தான் அந்தச் சட்ட முன்வரைவு வந்தது. நிஜம் போலத் தோன்றும் பொம்மைத் துப்பாக்கியை இனி விற்கவோ வெளியே எடுத்துப் போகவோ கூடாது, கண்ணைப் பறிக்கும் நிறத்தில்தான் இருக்க வேண்டும் என்றார்கள். ஆரஞ்சு, பிங்க், கிளிப்பச்சை. மதுக்கடையின் பின்னறையில் அவசரக் கூட்டம் போட்டோம்.

"பிங்க்கா?" என்றார் குழாய் ரிப்பேர்க்காரர் காலின். "என் பேத்தியோட தண்ணித் துப்பாக்கிகூட அதைவிட கம்பீரமா இருக்கும்யா!"

"நீங்கல்லாம் பள்ளத்துல விழுந்துட்டு, எந்திரிக்க முடியாம முனகுற அழகுக்கு பிங்க்தான் பொருத்தம், கண்ணு," என்றார் பெரில். அவருக்கு எல்லோரும் கண்ணுதான்.

சட்டத்தை மதிக்கும் பொம்மைத் துப்பாக்கியாளர் முன்னணி என்று பெயர் வைத்துக்கொண்டோம். பெயருக்கே ஒரு மாலைப்பொழுது போய்விட்டது. துண்டறிக்கையை நான் எழுதினேன். முதல் வரி: பொம்மைத் துப்பாக்கி இதுவரை யாரையும் கொன்றதில்லை. இரண்டாவது வரி: பயிற்சி பெற்ற போலீஸ்காரரால் பொம்மையை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட முடியும்.

"இந்த ரெண்டாவது, நமக்கு எப்படித் தெரியும்?" என்று காலின் கேட்டார்.

"அவங்கதான் பயிற்சி பெற்றவங்களாச்சே," என்றேன். துண்டறிக்கை அச்சுக்குப் போனது.

நகர மன்றத்துக்கு ஊர்வலம் போனோம். எல்லோரும் காட்டுப் பச்சைச் சீருடை. துப்பாக்கி எடுத்து வரக்கூடாது என்று உங்கள் இலாகா சொல்லிவிட்டதால் குடைகளைத் தோளில் சாத்திக்கொண்டு அணிவகுத்தோம். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. அணி குலைந்துவிடும் என்று ஒருவரும் குடையை விரிக்கவில்லை. அப்படிப்பட்ட கட்டுப்பாடு எங்களுடையது. அடுத்த வாரம் பாதிப் பேருக்கு ஜலதோஷம்.

அந்த அடுத்த வாரம்தான் டட்லி ஆரஞ்சுத் துப்பாக்கியுடன் ஆலைக்கு வந்தார். தன் துப்பாக்கிக்கு அவரே அடித்திருந்தார். அதுவும் என் கடையில் வாங்கிய பெயின்ட். வேலிக்கு அடிக்கிறேன் என்று என்னிடம் சொல்லித்தான் வாங்கிப் போனார்.

"நல்லாத்தானய்யா சுடுது," என்றார் சிரித்துக்கொண்டே. "இதுல என்ன கௌரவக் குறைச்சல்?"

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரைப் போய்ப் பார்த்து ஒரு யோசனை சொல்லிவிட்டு வந்தார். சங்கத்தில் இருப்பவர்கள் ஆட்டக்களத்துக்குள் கறுப்பு வைத்துக்கொள்ளலாம், வெளியே எடுத்து வருவதென்றால் ஆரஞ்சு உறை போட வேண்டும் என்று ஒரு சமரசம். அந்த உறுப்பினருக்கு அது பிடித்துப்போய்விட்டது. லண்டனில் இந்தச் சட்டத்தைப் பரிசீலிக்கும் குழுவின் முன்னால் வந்து இதைச் சொல்லுங்கள் என்று டட்லிக்கு வியாழக்கிழமைக்கு அழைப்பு வந்தது. அவர் பேசினால் அந்த விதிவிலக்கு சட்டத்தில் சேர்ந்துவிடும் என்று எல்லோருக்கும் நம்பிக்கை. என் சங்கத்துக்காரர்களும் அப்பாடா என்று மூச்சு விட்டார்கள். வாய் கிழியக் கத்திய காலின்கூட ஆரஞ்சு உறைக்கு அளவெடுக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது. துண்டறிக்கை எழுதியவன் நான். மழையில் முன்வரிசையில் நடந்தவன் நான். லண்டனுக்குப் போவது டட்லி.

அவர் வீட்டுக்கே போய்ப் பேசிப் பார்த்தேன்.

"பஸ் ஸ்டாண்டுல குழந்தைங்க நம்மளைப் பாத்து மிரளுது, லெஸ்லி," என்றார். "அதுல நமக்கு என்ன பெருமை?"

"இன்னிக்கு நிறத்துல கை வைப்பாங்க. நாளைக்கு?"

"நாளைக்கு கதையை நாளைக்குப் பாப்போம். நீ முதல்ல டீயைக் குடி, ஆறிப்போகுது."

டீயைக் குடித்தேன். நல்ல டீதான். வீட்டுக்கு நடந்து வரும்போது அந்த யோசனை வந்தது.

தயவுசெய்து இதைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். அது ஒரு சோதனை. எங்கள் இரண்டாவது வரியை யாராவது நிரூபித்துவிட்டால் ஆரஞ்சுக்கும் உறைக்கும் சமரசத்துக்கும் அவசியமே இல்லை. அதற்கு ஒரு கறுப்புப் பொம்மை வேண்டும், அதைப் பிடித்துக்கொண்டு நிற்க ஒரு ஆள் வேண்டும், பார்க்கப் போலீஸ் வேண்டும். போலீஸைக் கூப்பிடும் பொறுப்பு செயலாளர் என்ற முறையில் என்னுடையது. ஆகவே நிற்பவர் வேறொருவராக இருக்க வேண்டும். விருப்பு வெறுப்பில்லாமல் எல்லா உறுப்பினர்களையும் மனதில் ஓட்டிப் பார்த்தேன். டட்லிதான் பொருத்தமாகப் பட்டார்.

அவரிடம் போய், "நீ சொன்னதுதான் சரி, டட்லி. உன் ஆரஞ்சுக்கு ஜோடியா ஒரு கறுப்பு நான் செஞ்சு தர்றேன். குழு முன்னாடி ரெண்டையும் காட்டு, வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும்," என்றேன்.

அந்த மனிதர் என் இரண்டு தோளையும் பிடித்துக் குலுக்கினார். "மனசு மாறிட்டியே! பெரில், இங்க வா, லெஸ்லி மனசு மாறிட்டான்!"

பெரில் எனக்கு ஒரு துண்டு கேக் அதிகமாக வைத்தார்.

புதன்கிழமை காலை சந்தைத் திடலில் மணிக்கூண்டுக்குக் கீழே நிற்கச் சொன்னேன். உள்ளூர் வாரப் பத்திரிகையிலிருந்து படம் எடுக்க ஆள் வருவதாகச் சொன்னேன். வெளியே போகும்போது துப்பாக்கி பைக்குள் மூடியிருக்க வேண்டும் என்பது சங்கத்தின் விதி, அதை எழுதியவனும் நான்தான். டட்லி அதை ஞாபகப்படுத்தினார். படத்துக்காக என்றால் பரவாயில்லை, செயலாளர் அனுமதி தருகிறேன் என்றேன். ஆரஞ்சு இரண்டாவது படத்துக்கு, அதுவரை பைக்குள்ளேயே இருக்கட்டும் என்றேன். மஞ்சள் மழைக்கோட்டு வேண்டாம், கறுப்புக் கோட்டு எடுப்பாக இருக்கும் என்றும் சொன்னேன்.

துப்பாக்கியைச் செய்வதில் குறை வைக்கவில்லை. பொம்மை என்று காட்டும் முனை வளையத்தைக் கழற்றிவிட்டேன். பெயின்டின் மேல் பென்சில் கரியைத் தேய்த்து, ஓரங்களில் இரும்பு தேய்ந்து மின்னுகிற மாதிரி செய்தேன். சோதனை என்றால் நியாயமாக இருக்க வேண்டாமா? சுலபமான கேள்வி கேட்டு முழு மதிப்பெண் போட்டால் யாருக்கு மதிப்பு?

திடலுக்கு எதிரே இருக்கும் பேக்கரியில் ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டு போன் செய்தேன். என் சொந்த போன் இல்லை, ஒரு பழைய போன். "மணிக்கூண்டு கிட்ட ஒரு ஆள் துப்பாக்கியோட நிக்கிறான்," என்றேன். பதிவைப் போட்டுக் கேட்டிருப்பீர்கள், அதில் ஒரு பொய்கூட இல்லை. பொம்மை என்ற ஒரே ஒரு சொல்லை விட்டுவிட்டேன். விடையைச் சொல்லிவிட்டு யாராவது பரீட்சை வைப்பார்களா?

ஆயுதம் வைத்திருக்கும் உங்கள் ஆட்கள் பக்கத்து ஊரிலிருந்து வர வேண்டியிருந்ததால் நேரம் ஆனது. தள்ளுவண்டிக்காரி ஒருத்தி டட்லியைப் பார்த்துப் பதறினாள். அவர் அவளிடம் ஏதோ சொல்ல, அவள் சிரித்துவிட்டாள். "பயப்படாதம்மா, போட்டோவுக்குத்தான். நாளைக்கு லண்டன் போறேன்," என்றாராம். பிறகு அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு மீன் கடைப் பக்கம் போய்விட்டாள். குளிரில் அவருக்கு மூக்கு சிவந்திருந்தது. தலைமுடியைக் கோதிக்கொண்டு, பத்திரிகைக்காரர் எந்தப் பக்கமிருந்து வருவார் என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு கார்கள் வந்தன. கீழே போடு என்று கத்தினார்கள். பின்னாலிருந்து, திடீரென்று.

டட்லி கையைத் தூக்கினார். துப்பாக்கி பிடித்த கை தலைக்கு மேல் விசுக்கென்று போனது. அவ்வளவு சுத்தமாக யாரும் தூக்கி நான் பார்த்ததில்லை. "பட்டது!" என்று கத்தினார். அப்போது அவர்மேல் எதுவும் பட்டிருக்கவில்லை. பிறகுதான் பட்டது.

பேக்கரிப் பெண் தட்டைக் கீழே போட்டு உடைத்தாள். சோதனையின் முடிவு எனக்குத் தெரிந்துவிட்டது. தோல்வி, போலீஸுக்கு. இதைச் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும், ஆனாலும் பயிற்சி என்று நீங்கள் சொல்லிக்கொள்வதை இன்னும் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

சவ அடக்கத்தில் அஞ்சலி உரை நான்தான் படித்தேன். குழிக்கருகில் சங்கத்துக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து கையைத் தூக்கினோம். "கடைசிவரைக்கும் ஏமாத்தலையே மனுஷன், தானே ஒத்துக்கிட்டானே," என்று காலின் தேம்பித் தேம்பி அழுதார். பெரில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னைப் பத்தித்தான் முந்தின நாள் பூரா பேசிட்டிருந்தாரு, கண்ணு. ரொம்ப சந்தோஷமா இருந்தாரு," என்றார். நன்றி சொன்னேன். அவர் இப்போது ஆலைக்கு வருவதில்லை. வேறு யார் ஊற்றினாலும் டீ சரியாக அமைவதில்லை.

சட்டம் நிறைவேறிவிட்டது. விதிவிலக்கு, உறை எதுவும் கிடையாது. டட்லியின் மரணத்துக்குப் பிறகு எதிர்த்து ஓட்டுப் போட ஒருவருக்கும் மனம் வரவில்லையாம். ஊரில் அதை டட்லி சட்டம் என்றே சொல்கிறார்கள். பாருங்கள், கடைசியில் பெயர் அவருக்குத்தான். துண்டறிக்கையில் இரண்டாவது வரியை மட்டும் எடுத்துவிட வேண்டியிருந்தது. முதல் வரி அப்படியே நிற்கிறது. டட்லியைக் கொன்றது நிஜத் துப்பாக்கி அல்லவா?

அவர் கையைத் தூக்குவார் என்று தெரியுமா என்று இரண்டு முறை கேட்டீர்கள். நான் பேச்சை மாற்றவில்லை, வரிசையாகச் சொல்ல நினைத்தேன், அவ்வளவுதான். அன்று காலை திடலுக்குக் கிளம்புமுன் டட்லி எனக்குப் போன் செய்தார்.

"ஏன் லெஸ்லி, என்னைப் பாத்து யாராவது பயந்துபோய் கத்தினா நான் என்னய்யா பண்ணட்டும்?"

"ஞாயித்துக்கிழமை என்ன பண்ணுவியோ அதையே பண்ணு," என்றேன்.

ஆமாம், தெரியும். அவருக்குப் பழக்கியவனே நான்தானே. தூக்குவார் என்று தெரியும், தூக்கினால் நீங்கள் சுடுவீர்கள் என்றும் தெரியும். அவர் வியாழக்கிழமை லண்டன் போகக் கூடாது, அதற்காகத்தான் செய்தேன். நீங்கள் ரேகையோடு வந்து கதவைத் தட்டாவிட்டாலும் நானே வந்து சொல்லியிருப்பேன். சங்கத்தின் ஆண்டு விழா முடியட்டும் என்று காத்திருந்தேன்.

எங்கள் விதி இவ்வளவுதான். பட்டவன் தானே ஒத்துக்கொள்ள வேண்டும், ஒத்துக்கொண்டவன் கூடாரத்தில் உட்கார்ந்து ஒரு கோப்பை டீ குடிக்க வேண்டும். நான் கையைத் தூக்கிவிட்டேன். நீங்கள் கொடுத்த டீயையும் குடித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊர் அணியோடு ஆட்டம் இருக்கிறது, இன்ஸ்பெக்டர். உங்கள் விசில் எப்போது அடிக்கும்?