சாவு வீட்டில் சொன்ன சொல்

கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில், சாவு வீட்டிலிருந்து திரும்பும் ஒரு தாயும் மகளும். என் ஆறு வயது மகளின் வயதுதான் அந்தச் சிறுமிக்கும்.

"பெரியப்பா பெட்டிகிட்ட என்னடி சொன்ன?"

"போயிட்டு வரேன்னு சொன்னேம்மா."

"சாவு வீட்ல அப்படி சொல்லக் கூடாதுடி. சொல்லாமதான் கிளம்பணும்."

"சொல்லிட்டேனே."

"சரி விடு, ஒண்ணும் ஆவாது."

"சண்டே ஸ்கூல்ல கதை சொன்னாங்கல்ல. தோட்டத்துக்குப் போடான்னு அப்பா சொன்னதும் ஒரு பையன் முடியாதுன்னான், அப்புறம் போயிட்டான். இன்னொருத்தன் போறேன்னு சொல்லிட்டு போகவே இல்ல. போனவனைத்தான் கடவுளுக்குப் பிடிக்குமாம்."

"அது வேற கதைடி."

"முழு மனசோட செய்யணும்னாங்க. பெரியப்பாகிட்ட வரேன்னு சொல்லிட்டேனே, எப்பம்மா போறது?"

தாய் அவளை இழுத்து மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"நீ பயப்படாதம்மா. நான் மட்டும்தானே சொன்னேன்."