துண்டுக்குள் யார் விரல்?

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் நாச்சிமுத்து மாமா அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே, மேச்சேரிச் செம்மறியை மேய்த்தே பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிய தாய்மார்களே, ஆடு வளர்ப்போர் சங்கத்தின் செயலாளர் சௌந்திரத்தின் வணக்கம்.

இன்றைய தீர்மானம் என்ன? நம் சங்க அறையில் ஓடும் செய்தித் திரட்டியை நிறுத்திவிட்டு, ஒரு கம்பெனி இலவசமாகத் தரும் செயலிக்கு எல்லோரும் மாற வேண்டுமாம். தலைவர் கொண்டுவந்த தீர்மானம். அவர் மேடையிலேயே அதை எதிர்க்கிறேன். தழையைக் காட்டினால் ஆடு வரும். ஆட்டுக்காரி வருவாளா?

போன ஆண்டு நானும் அப்படியொரு செயலியைத்தான் நம்பியிருந்தேன். தெரியாத்தனமாக ஒருநாள் கிடாச் சண்டை பார்த்துத் தொலைத்தேன். சிரிக்காதீங்க சாமி, நீங்களும் பார்த்தவங்கதான். அன்று முதல் காலையில் கிடாச் சண்டை, மதியம் கிடாச் சண்டை, மாலையிலும் கிடாச் சண்டை. ஆட்டுக்கொல்லி நோய்க்குத் திங்கட்கிழமை தடுப்பூசி முகாம் என்று கால்நடைத் துறை தன் தளத்தில் முன்கூட்டியே போட்ட அறிவிப்பை, வியாழக்கிழமைதான் என் கண்ணில் காட்டியது அந்தச் செயலி. அடுத்த மாதம் நோய் வந்தது. பதினோரு ஆடுகள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்த பதினோரு ஆடுகள். என் கையாலேயே குழி வெட்டினேன்.

அதன்பிறகுதான் நம் உறுப்பினர் ஸ்ரீதேவி, மூலையில் கிடந்த பழைய கணினியைத் துடைத்து இந்தத் திரட்டியை ஏற்றினாள். நாம் சொன்ன தளங்களில் புதிதாக எது வந்தாலும், வந்த வரிசையிலேயே எடுத்து வைக்கும். நம் போனில் திறந்து படிக்கலாம். எதையும் முன்னே தள்ளாது, எதையும் பின்னே ஒளிக்காது. அதன் உள்வேலை ஊரறியத் திறந்து கிடக்கிறது; தெரிந்தவர் யாரும் பார்க்கலாம், திருத்தலாம். இயந்திரம் நம் அறையில், சாவி நம் இடுப்பில்.

என்னங்க மாரியப்பண்ணா? அடிக்கடி நின்னு போகுதுங்களா? ஆமாங்க, கரண்டு போனா நின்னுருது. ஸ்ரீதேவி வந்து எழுப்பி உடறா. ஒதைச்சாலும் நம்ம ஊட்டு மாடு நம்ம மாடுதானுங்களே.

சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுகிறவர்கள் நாம். உள்ளே இருப்பது யார் விரல் என்று தெரியாமல் என்றைக்காவது கை நீட்டியிருக்கிறோமா? அந்தச் செயலியின் துண்டுக்குள் யார் விரல்? எது முதலில், எது மூன்று நாள் கழித்து என்று முடிவு செய்வது யார்? கேட்டால் சொல்வார்களா? சொல்லாதவர்களிடம் கை நீட்ட மாட்டோம். இன்றும் மாட்டோம், என்றும் மாட்டோம்.

தலைவர் அவர்களே, கோபிக்க வேண்டாம். இந்தத் தை மாத முகாமுக்கு முதல் ஆளாய் நாற்பது ஆடுகளை ஓட்டி வந்தவர் நீங்கள். முகாம் நடப்பதை எதில் பார்த்தீர்கள்? சொல்லுங்க மாமா, சபை கேக்குது.

"திரட்டியிலதான் பாத்தேன்" என்கிறார். பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டதா?

அந்த நாற்பதும் இன்று மேய்கின்றன. என் பதினொன்றும் மேய்ந்திருக்க வேண்டியவை. திரட்டி தொடர வேண்டும் என்பவர்கள் துண்டுக்கடியில் அல்ல, எல்லோரும் பார்க்கக் கையை உயர்த்துங்கள்.

அதோ, தலைவர் கையும் உயர்கிறது. உயர்ந்த கைகள் அத்தனைக்கும் என் நன்றி. உங்கள் பட்டிகள் பெருகட்டும், வணக்கம்.